ஒரு பெயர் பாக்கி

“தலைவரே, நான் பொண்ணு. எனக்கு எதுக்கு ஆம்பளப் பேரு வெச்சீங்க?”

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், மைக் முன்னால் நின்று இப்படிக் கேட்டபோது வெற்றிவேந்தனுக்கு வயது ஏழு. மாலையைப் போட்டு, வணக்கம் சொல்லி, இறங்கிவிட வேண்டும் என்றுதான் அவள் அப்பா பாஸ்கல் சொல்லி அனுப்பியிருந்தார். கேள்வி அவளாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தினமும் அந்தப் பெயருக்கு எழுந்து நின்று, வகுப்பே சிரிப்பதைக் கேட்டவள் அவள்.

கட்சிக்காரர்கள் குழந்தைக்குத் தலைவர் வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். நடக்கத் தொடங்கிய பிறகும் பெயரில்லாமல் இருந்த குழந்தைகள் உண்டு. பாஸ்கலுக்கு அந்தச் சிரமம் வரவில்லை. மகள் பிறந்த இருபதாம் நாளே தலைவர் நாகப்பன் திறந்த ஜீப்பில் ஆவடி வழியாக வந்தார். கட்சித் துண்டில் சுற்றிய குழந்தையைப் பாஸ்கல் கூட்டத்துக்கு மேலாகத் தூக்கி நீட்டினார். தலைவர் வாங்கினார். துண்டுக்கு வெளியே தெரிந்த நெற்றியைப் பார்த்து, “வெற்றிவேந்தன்!” என்றார். மேளம் முழங்கியது. ஜீப் நகர்ந்துவிட்டது.

பெண் குழந்தை என்று யாரும் சொல்லவில்லை. தலைவர் வைத்த பெயரை மாற்றவும் யாருக்கும் மனம் வரவில்லை. பிறப்புச் சான்றிதழிலும் அதுவே ஏறியது. பங்குச் சாமியார் மட்டும் பிடிவாதமாக ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானகுமாரி என்று எழுதினார். கோவிலில் ஒரு பெயர், மற்ற எல்லா இடத்திலும் இன்னொரு பெயர்.

அந்தக் கேள்வியில் மைதானம் அடங்கிவிட்டது. மேடைக்குக் கீழே பாஸ்கலின் முகம் வெளுத்தது. தலைவர் ஒரு கணம் குழந்தையையே பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“தெரிந்தேதான் வைத்தேன்! வேந்தன் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டுமென்று எவன் சொன்னான்? இந்தப் பெண் இயந்திரத்தை ஆள்வாள். நாளைக்கு நாட்டையும் ஆள்வாள்!”

கைதட்டலும் விசிலும் அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சத்தத்துக்குள் அவர் குனிந்து அவள் காதில் சொன்னார்: “தப்பு என்னுதும்மா. உனக்கு ஒரு பேரு பாக்கி.”

அவர் குனிந்திருந்த அந்தக் கணத்தை யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படம் சுவரொட்டி ஆனது, நாள்காட்டி ஆனது. அந்தப் பேச்சு தேர்தல் வாக்குறுதி ஆனது. தலைவர் தில்லிக்கு அமைச்சராகப் போனபோது அது சட்டமானது. எல்லா மாநிலங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு இடம். அவருக்குப் பின் வந்த மகன் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு விடுதிகள் கட்டினார். இப்போது பேத்தி யுவராணி நாடாளுமன்றத்தில் இருக்கிறார். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டிலிருந்து ஆள்கிறார்களே என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் முன்பின் அறியாத எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்கள் எண்ணெய்க் கறையோடு சம்பளம் வாங்கி வீடு திரும்புகிறார்கள். ஒரு குழந்தையின் கேள்வியை வைத்துக் கடவுள் இதையும் செய்துகொண்டார்.

அந்தப் பெண்களில் வெற்றிவேந்தனும் ஒருத்தி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டக் கற்று, இப்போது நாற்பத்து மூன்று வயதில் பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளர். அங்கே எல்லாருக்கும் அவள் ‘வேந்தன் அக்கா’.

தலைவர் காதில் என்ன சொன்னார் என்று கேட்காத ஆள் இல்லை. “அது எனக்கும் அவருக்கும்” என்று சொல்லிவிடுவாள். பதில் வராத இடத்தைப் பாஸ்கல் தானே நிரப்பிக்கொண்டார். “தெரிஞ்சிதாம்மா வெச்சேன்னு எம்பொண்ணு காதுல சொன்னாரு” என்று டீக்கடையில் முப்பத்தைந்து வருடங்களாகச் சொல்லி வருகிறார். கொடி கட்டி, சுவர் எழுதி, இரண்டு முறை சிறைக்கும் போன மனிதருக்குக் கட்சி கொடுத்தது ஒரு சால்வை. அதோடு இந்தக் கதை.

தலைவரின் நூற்றாண்டு விழா அதே மைதானத்தில் என்று முடிவானது. வட்டச் செயலாளர் துலுக்கானம் ஒரு தாளோடு வந்து நின்றார்.

“வேந்தக்கா, நீதான் இஸ்டாரு. ரெண்டே நிமிசம். இத்த அப்டியே படிச்சிடு, போதும்.”

அவள் வாங்கிப் படித்தாள். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. ‘தெரிந்துதானம்மா உனக்கு இந்தப் பெயரை வைத்தேன் என்று தலைவர் என் காதில் சொன்னார்.’

“இது யாரு எழுதுனது?”

“மேலேர்ந்து வந்துகீது. எதிர்க்கட்சிக்காரன் டீவில குந்திகினு, கெய்வன் ஆம்பளயா பொம்பளயான்னு தெரியாம வெச்சிட்டான்னு நக்கல் வுட்டுகினு கீறான்ல? நீ ஒரு வார்த்த சொன்னா அவன் வாயி மூடிக்கும்.”

“நைனாவ பேச சொல்லேன்.”

“அவரு பேச்ச ஆரம்பிச்சா மூணு நாள் மாநாடு ஆயிடும்க்கா!”

நாற்காலியில் இருந்த பாஸ்கல் பொக்கை வாயோடு சிரித்தார். எண்பத்து மூன்று வயது. விழாவுக்காகத் துண்டை இப்போதே துவைத்துக் காயப்போட்டிருந்தார். “முன்னாடி வரிசைல சீட்டு போடுறியா இல்லியாடா?”

“உனுக்கு இல்லாத சீட்டா, நைனா!”

அன்று இரவு அவள் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். அந்த வரி பொய். சொன்னால் லட்சம் பேர் முன்னால் பொய் சொன்னவள் ஆவாள். உண்மையைச் சொன்னால், அப்பா வாழ்நாளெல்லாம் பிடித்து நடந்த ஒரே கைத்தடியைப் பிடுங்கியவள் ஆவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் எழுந்திருக்காமல் முழந்தாளிலேயே இருந்தாள். எதைச் சொல்வது என்று வேண்டவில்லை. யாரையும் காயப்படுத்தாத வாயைக் கொடு என்று மட்டும் வேண்டினாள்.

விழா நாளில் அவள் மைக் முன்னால் வந்தபோது மேடையில் யுவராணி அமர்ந்திருந்தார். முன் வரிசையில் பாஸ்கல். அவருக்குப் பக்கத்தில் துலுக்கானம்.

அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டாள்.

“எம்பேரு வெற்றிவேந்தன். தலைவர் வெச்ச பேரு. மொதமொத ஒரு கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன். பேரப் பாத்து ஆம்பளன்னு நெனச்சி கூப்ட்டாங்க. போய் நின்னா, ‘இன்னாம்மா, வேந்தன் வரலியா, நீ யாரு, சம்சாரமா’ன்னு கேட்டாங்க.”

மைதானம் குலுங்கிச் சிரித்தது.

“நான்தான் வேந்தன்னு சொன்னேன். சிரிச்சாங்க. சரி, மெஷின காட்டுங்கன்னேன். ஓட்டிக் காட்டுனேன். அப்பறம் சிரிக்கல. பேரு பொண்ணுப் பேரா இருந்திருந்தா அந்த லெட்டரே வந்திருக்காது. இன்னிக்கு எந்தப் பொண்ணும் அப்டி ஆம்பளப் பேரோட போய் நிக்கத் தேவையில்ல. அதுக்குத் தலைவர் குடும்பத்துக்கு என் நன்றி.”

கீழிருந்து துலுக்கானம் விரலால் காற்றில் கோடு போட்டார். “லைனுக்கா! கடேசி லைனு!”

அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

பாஸ்கலும் அவளும் ஆட்டோவில் திரும்பினார்கள். இந்துக் கல்லூரி தாண்டியதும் அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லா பேசுன. அந்த வரி இல்லாமயே நல்லா இருந்துச்சி.”

“நைனா...”

“துண்ட சுத்தி நீட்டுனது என் கைதானம்மா. நானாச்சும் பொண்ணுன்னு வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்.”

அவள் தன் கையை அங்கேயே விட்டுவைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை. பாஸ்கல் பூசைக்குப் போயிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டு வேந்தன் திறந்தாள். யுவராணி நின்றிருந்தார். சாதாரணப் பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. தெருவில் கார் இல்லை, கொடி இல்லை.

“போட்டோ எடுக்க யாரும் வரலியா?” வேந்தன் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“இல்லக்கா. கார தெருமுனைக்கு முன்னாடியே விட்டுட்டேன். உள்ள வரலாமா?”

சமையலறை மேசையருகே உட்கார்ந்தார். வேந்தன் காபி கலந்து வைத்ததும் சொன்னார்: “அந்த வரிய எழுதினது நான்தான். நீங்க அத விட்டுட்டுப் பேசினதும் எனக்கு உறுத்துச்சு. தாத்தா உங்க காதுல வேற ஏதோ சொல்லிருக்கணும்னு பட்டுது. அவர் டைரி எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்.”

பையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு டைரியை எடுத்து விரித்தார். தலைவரின் சாய்ந்த கையெழுத்து. செய்வதாகச் சொன்னவற்றையெல்லாம் அவர் வரிசையாக எழுதியிருந்தார். மேனாம்பேட்டில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியது, முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பள்ளிக்கு மணி. முடித்தவற்றின்மேல் கோடு இருந்தது. பக்கத்தின் அடியில் கோடு போடாத ஒரு வரி.

‘பட்டாபிராம். பாஸ்கல் மகள். ஒரு பெயர் பாக்கி.’

வேந்தன் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“என்ன பேரு வேணும்க்கா? கெஜட்ல மாத்தறதுன்னாலும் நானே கூட வரேன்.”

வேந்தன் சிரித்துவிட்டாள். “இனிமேலா? பன்னெண்டு பேரு அங்க வேந்தக்கா வேந்தக்கான்னு உயிர எடுக்குறாங்க. அத மாத்தாத. எனக்கு எங்க சாமியாரு வெச்ச பேரு ஒன்னு கீது, ஞானகுமாரின்னு. உங்க வீட்டுலேர்ந்து ஒருத்தரும் அத சொல்லி என்ன கூப்ட்டதில்ல. அவ்ளோதான்.”

யுவராணி எழுந்து நின்றார். மேடையில் பழகிய விதமாக இல்லாமல், தலை குனிந்து கை கூப்பினார்.

“ஞானகுமாரி அக்கா, எங்க தாத்தா செஞ்சது தப்பு. எங்களுக்காக அத நீங்க சுமந்துட்டு இருந்தீங்க. மன்னிச்சிடுங்க.”

“சரி, உக்காரும்மா. காபி ஆறுது.”

காபி முடிந்ததும் யுவராணி பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். டைரியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார்.

பாஸ்கல் திரும்பியபோது மேசையில் இரண்டு தம்ளர்கள் இருந்தன.

“யாரும்மா வந்தது?”

“கோவில் பேரு சொல்லிக் கூப்புட்ற ஒருத்தங்க, நைனா” என்றாள் அவள், தம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டே.