மணிக்கயிறு

பையின் தோள்வாரைத் தைத்து முடித்தவள், வழக்கம்போல அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தையல் பிரிந்து கையோடு வந்தது. இன்னொன்றை எடுத்து இழுத்தாள். அதுவும் அப்படியே. ஊசியில் கோளாறில்லை, நூலிலும் இல்லை. துணியில் போட்டிருந்த கோடுதான் நகத்தளவு விளிம்புப் பக்கம் தள்ளியிருந்தது. அதன்மேல் தைத்தால் மடிப்பின் ஓரம் மட்டுமே பிடிபடும். எல்லாம் பள்ளிக்கூடப் பைகள். நாலு புத்தகம் வைத்தால் நடுத்தெருவில் அறுந்து விழும்.

தையற்கூடத்தின் நடுவே ஒரு மணி தொங்கியது. தப்பைக் கண்டவர் யாரானாலும் கயிற்றை இழுக்கலாம். பழைய மேற்பார்வையாளர் ஓடி வந்து, "நல்லவேளை பார்த்தீங்க" என்பார். நிறுத்திய இயந்திரங்களைச் சுற்றி நின்று, இப்படி மடித்தால் என்ன, அப்படித் தைத்தால் என்ன என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். பையின் அடியில் இரட்டைத் துணி வைக்கும் யோசனை அப்படிப் பிறந்ததுதான். புதியவர் வந்ததிலிருந்து மணி அடித்தால் ஒரே கேள்வி: "யார் தப்பு?" கெட்டவரில்லை. மேலே அவரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். கடைசியாக மணி அடித்தவள், முடியைப் பார்த்து எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடும் பெண்; தண்டனையாக இப்போது மூலையில், நாள் முழுக்க நின்றபடி நூல் பிசிறு வெட்டுகிறாள். அதன்பின் மணி அசையவில்லை.

பக்கத்து இயந்திரத்துப் பெரியக்காவிடம் வாரை நீட்டினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்களேன்."

"மாட்டேன்மா. இழுத்தா தெரியும். தெரிஞ்சா சொல்லணும்." பெரியக்கா தலை நிமிரவில்லை. "பூனைக்கு மணி கட்டத்தான் ஆளில்லைம்பாங்க. இங்க கட்டின மணியை அடிக்க ஆளில்ல. பேசாம தை."

தைத்தாள். கால் மிதித்தது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூலையில் நிற்க அவள் முழங்கால் தாங்காது. காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டு தோளைக் குலுக்கும் குலுக்கல் கண்முன் வந்து வந்து போனது. 'கடவுளே, யாராவது அடிக்கட்டும்' என்று வேண்டினாள். வேண்டிய பிறகு கூச்சமாக இருந்தது. அந்த யாராவதுக்கும் முழங்கால் இருக்கும்தானே.

எழுந்து போய்க் கயிற்றை இழுத்தாள்.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மேற்பார்வையாளர் வேகமாக வந்தார்.

"யார் தப்பு?"

கோடு போட உதவும் அச்சு அட்டையை நீட்டினாள். பழையது நைந்துபோனதால் அவரே வெட்டிக் கொடுத்த புது அட்டை. கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். மூலையில் சுருட்டை கத்தரியை உயர்த்தியபடியே நின்றாள். சொல்லேன், சொல்லித் தொலையேன் என்றன அவள் கண்கள்.

"அளவு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு சார். இந்த வாரை இழுத்துப் பாருங்க."

"யாருன்னு கேட்டேன்."

"பிள்ளைங்க மாட்டிட்டுப் போற பை சார். இப்பவே திருத்திடலாம். யாருங்கறது எதுக்கு?"

அவர் இழுத்தார். பிரிந்தது. அட்டையை ஒளியில் பிடித்து விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் பாதியில் நின்றது. காதோரம் சிவந்தது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சுருட்டை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மூலையை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பெரியக்கா கையை நீட்டி, மேசையில் கிடந்த ஒரு வாரை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.