வெர்னாவின் குரல் மட்டும்

மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறையில் புதுக் கணினியை வைத்ததிலிருந்து ரோனா கிவேலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்ப்பவள் அவள், அதை வைத்தவளும் அவள்தான். டிவிக்குப் பின்னால் கையகலக் கணினி, டிவியின் தலையில் கேமரா, மேசை நடுவில் டப்பா மூடி மாதிரி வட்டமான மைக். எல்லாம் யூ.எஸ்.பி ஒயரில், பல ஒயரைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன ஹப்புக்கு வந்து, அங்கிருந்து கணினிக்குப் போகும். சங்கத் தலைவர் மெர்லின் ஆஸ்தாத் பனிக்காலம் முழுக்க மனைவியோடு அரிசோனாவில் இருந்துவிடுவார். மினசோட்டாவில் பனி உருகும்வரை மாதக் கூட்டங்களை அங்கிருந்தே திரையில் நடத்துவார். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஜனவரிக் கூட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் வெர்னா போலியூ அவரிடம் நேராகவே கேட்டாள். "மெர்லின், ஏரிக்கரை கரண்ட் லைன்ல மரம் வெட்டறதுக்கு ஆள் எப்ப போடப்போறோம்?"

திரையில் மெர்லின் காதைச் சொறிந்தார். காபியை ஒரு வாய் குடித்தார். "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோமா?" என்றார்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு கூட்டம் முடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

இது பகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது. மெர்லினும் வெர்னாவும் பல வருஷமாக ஒரே வண்டியில் கூட்டத்துக்கு வந்து போனவர்கள். போன இலையுதிர் காலத்தில் மெர்லின் முழுக்கக் கண்ணாடி வைத்த புது அலுவலகக் கட்டடம் வேண்டும் என்றார். "உனக்கு மூஞ்சி பாக்க ஒரு கண்ணாடி போதாதா, கண்ணாடியிலயே கட்டடம் வேணுமா?" என்று வெர்னா எல்லோர் முன்னிலும் கேட்டாள். சபை சிரித்தது, தீர்மானம் தோற்றது. அன்றைக்கு இருவரும் தனித்தனி வண்டியில் வீடு போனார்கள்.

டிசம்பரில் நடந்தது ரோனாவுக்கு மட்டுமே தெரியும். கூட்டம் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியேற, அவள் மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். வெர்னா திரைக்குக் கிட்டே போய் நின்று, "மெர்லின், அன்னிக்கு நான் பேசினது கொஞ்சம் அதிகம்தான். மனசுல வச்சுக்காத" என்றாள். மெர்லின் பொதுவாகக் கையை ஆட்டினார். திரை இருண்டது. வெர்னா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று ரோனா அன்று நினைத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மெர்லினே ரோனாவைப் போனில் கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வெளிய சொல்லிடாத. வெர்னாவுக்கு என்மேல அவ்வளவு கோவமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"என்னைப் பாத்து வாயை மட்டும் அசைக்கறா. சத்தமே வர்றதில்ல. பழிப்புக் காட்டறாளா, இல்ல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குசுகுசுன்னு ஏதாவது சொல்றாளா? எனக்கு ஒண்ணும் புரியல."

"மத்தவங்க பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. மேனேஜர் டேரல் மூக்கு உறிஞ்சறதுகூடக் கேக்குது."

ரோனா போனை வைத்தாள். கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தடவையும் மைக்கைச் சோதிப்பவள் அவள்தான். அவள் குரல் கணீரென்று போகும். ஒரு மைக்குக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியுமா என்ன?

மறுநாள் மதியம், மைக் சோதிக்க ஒரு குரல் வேண்டும் என்று வெர்னாவைக் கூப்பிட்டாள். வெர்னா எலுமிச்சை பார் கேக் ஒரு தட்டும், வழியில் தபால் பெட்டியிலிருந்து எடுத்த விதைக் கேட்லாக்கும் கொண்டுவந்தாள்.

"என்ன படிக்கட்டும்?"

"எதுவா இருந்தாலும் சரி. கூட்டத்துல பேசற மாதிரியே படிங்க."

வெர்னா தக்காளிப் பக்கத்தைப் படித்தாள். அவளுக்குத் தாழ்ந்த குரல், ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராகப் போகும். ரோனா பதிவைப் போட்டுக் கேட்டாள். முதல் சொல் பாதி வந்தது. பிறகு தண்ணீருக்குள் யாரோ முனகுவது போல ஒரு ஒலி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடுவே "இன்னும் கொஞ்சம்" என்று தான் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நான் செத்துட்டேனா?" என்றாள் வெர்னா.

"இருங்க. எனக்கே தலை சுத்துது."

கணினியின் ஒலி அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். இரைச்சலை நீக்கும் வேலையை மைக் தானாகவே செய்கிறது. அதே வேலையைக் கணினி இன்னொரு தடவை செய்கிறது. கூட்டத்துக்கான செயலி மூன்றாவது தடவையும் செய்கிறது. சீரான தாழ்ந்த குரலை மூன்றுமாகச் சேர்ந்து ஹீட்டர் உறுமல் என்று வடிகட்டியிருக்கலாம். கணினியிலும் செயலியிலும் அதை நிறுத்தினாள். கேமராவுக்குள் இருந்த இன்னொரு மைக்கையும் அணைத்தாள். மேசை மைக்கின் ஒயரை ஹப்பிலிருந்து பிடுங்கி நேராகக் கணினியில் செருகினாள். வெர்னா வெள்ளரிக்காய்ப் பக்கத்தைப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

இதில் எது குற்றவாளி என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றிப் பார்த்தாள். குரல் கெடவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். அப்போதும் கெடவில்லை. ரோனா ஒரு எலுமிச்சை பாரை எடுத்துக் கடித்துக்கொண்டு அந்த வட்ட மைக்கை முறைத்துப் பார்த்தாள். கடைசியில், வெள்ளரிக்காய்ப் பக்கம் கேட்டபோது இருந்த மாதிரியே எல்லாவற்றையும் வைத்துவிட்டு மெர்லினைத் திரையில் கூப்பிட்டாள்.

"வெர்னா, கொஞ்சம் பேசுங்க."

"மெர்லின், நான் பேசறது கேக்குதா?"

மெர்லின் நாற்காலியை முன்னால் இழுத்தார். "கேக்குது. ரொம்ப நாளாச்சு உன் குரலைக் கேட்டு" என்றார்.

"நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எனக்கு ஒரு சொல்லும் வரல. சத்தியமா. நீ என்னைப் பழிக்கறேன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "டிசம்பர்ல எல்லாரும் போனப்புறம் நீ டிவிகிட்ட வந்து நின்ன. ஏதோ ரொம்ப நேரம் சொன்ன. அது என்னது?"

ரோனா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா கேட்லாக்கை மடித்தாள்.

"அங்க வெயில் எப்படின்னு கேட்டேன்."

"வெயிலையா? அவ்வளவு நேரமா?"

"நீளமான வெயில்னு கேள்விப்பட்டேன்."

மெர்லின் சிரித்தார், ஆனாலும் முகத்தில் குழப்பம் போகவில்லை. ஏப்ரலில் வந்ததும் கூட்டத்துக்கு வண்டியில் அவளை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஹீட்டர் வேலை செய்தால் வருகிறேன் என்றாள் வெர்னா.

திரை அணைந்த பிறகு ரோனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சொல்லல? இப்பத்தான் கேக்குதே."

வெர்னா கோட்டின் பொத்தானைப் போட்டபடி யோசித்தாள். "தெரியலம்மா. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெயில்னு வந்துடுச்சு." தட்டில் மிச்சமிருந்ததை ரோனாவுக்கே விட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் கூட்டத்தில் வெர்னா மறுபடி ஏரிக்கரை மரங்களை எடுத்தாள். இந்தத் தடவை மெர்லினுக்கு எல்லாம் கேட்டது. மரம் வெட்ட இந்த வருஷம் ஆள் கிடையாது என்றார். அப்படியானால் அடுத்த புயலில் ஏரிக்கரை இருட்டில் கிடக்கட்டும், நீ அரிசோனாவில் வெயில் காய் என்றாள் அவள். இருவர் குரலும் ஏறியது. ஸ்பீக்கரின் ஒலியை ரோனா குறைக்க வேண்டியிருந்தது.

இடைவேளையில் மேலாளர் டேரல் நைகார்ட் காபிக் கோப்பையோடு ரோனா பக்கம் வந்தார். "நீ என்னமோ சரி பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"பண்ணினேன்."

"என்னத்தை?"

ரோனா மேசை நடுவில் கிடந்த மைக்கைப் பார்த்தாள். "அதான் எனக்கும் தெரியல" என்றாள்.