கிளிப்பச்சைச் சுடிதார்

என் வீட்டுக்காரருக்குப் பரிசு வாங்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊரறிந்த செய்தியாகச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் என் பிறந்தநாளுக்கு எண்ணெய்த் தூக்கு வாங்கி வந்த மனிதர். அப்படிப்பட்ட குமரகுருபரன், தொண்ணூற்றாறாம் வருஷம் நான் யோகா வகுப்பில் சேர்ந்ததும் ஒவ்வொரு பொருளாக வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார்.

முதலில் ஆசனப் படப் புத்தகம் வந்தது. அதில் கோவணம் கட்டிய தாடிக்காரர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்வது? அடுத்தது பத்தமடைப் பாய், கல்யாணச் சீருக்குக் கொடுப்பார்களே, அந்த வழவழப்பான ரகம். வகுப்பின் மொசைக் தரையில் அதை விரித்து உட்கார்ந்ததும் பாயும் நானும் சேர்ந்தே சுவர் வரை வழுக்கிப் போனோம். அப்புறம் செம்புச் சொம்பு. இந்த யோசனைகளுக்கெல்லாம் ஊற்று அவருடைய அலுவலகத்து இசக்கியப்பன். குனிந்து செருப்பு வாரை மாட்டவே மூச்சு வாங்குகிற ஆள், யோகாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

எனக்கு வேண்டியிருந்ததோ வேறொன்று. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கே கூச்சம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு மாடியில் லூசி டீச்சர் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தினார். உவரிக்காரர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுவலிக்காகச் சேர்ந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. கல்யாணமான நாள் முதலாக இந்த உடம்பு பிறக்காத ஒரு பிள்ளைக்காகவே பாடுபட்டது. விரதம், கஷாயம், ஊசி, அங்கப்பிரதட்சிணம் என்று எதையும் விடவில்லை. நாற்பத்தைந்து வயதாகி, டாக்டர்களும் சாமிகளும் கைவிரித்த பிறகு, இனி இது எனக்கு மட்டுமான உடம்புதானே என்று ஒருநாள் தோன்றியது. அதை ஒருமுறையாவது எனக்காக வளைத்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது என் சேலை. மற்ற பெண்கள் சுடிதாரில் வந்தார்கள். மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கச் சொன்னால் அவர்கள் தூக்குவார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவேன். சுடிதார் போடாவிட்டால் பாதி ஆசனம் எனக்குக் கிடைக்காது என்று லூசி டீச்சர் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். கடைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. சேலை கட்டிய நடுவயதுக்காரி சுடிதார் கேட்டால், மகளுக்கா என்றுதான் கடைக்காரர் முதல் கேள்வியே கேட்பார். பிள்ளைகளைப் பற்றிய கேள்வி வருகிற இடத்துக்கெல்லாம் போகாமலே காலத்தை ஓட்டிவிட்டவள் நான். மாதம் முடிந்ததும் வகுப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்து வீட்டிலும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பு நேரத்தில் அவர் குடை கொடுக்கிற சாக்கில் மாடியேறி வந்திருக்கிறார். பாதி திறந்திருந்த கதவு வழியாக, எல்லோருடைய பாதமும் கூரையைப் பார்த்திருக்க, நான் மட்டும் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். குடையைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இசக்கியப்பனிடம் கேட்காமல் அவர் வாங்கிய முதல் பரிசு அதற்குப் பிறகுதான் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சுடிதார். கழுத்தைச் சுற்றிக் கண்ணாடித் துண்டுகள் மின்ன, கை நுனியில் சுருக்கு வைத்து, கல்லூரி விழாவில் ஆடப் போகிற பெண்ணுக்குத் தைத்தது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

யார் தைத்தது என்று கேட்டேன். தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க மேலப்பாளையம் வரை போய், ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற தையல்காரம்மாவிடம் கொடுத்ததாகச் சொன்னார். தானே போய் மாற்றி வருவதாக அவசரமாகப் பொட்டலத்தை வாங்கப் பார்த்தார். அளவெடுக்க நான் வராமல் எப்படி என்று நானும் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வழி நெடுக அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

தையல்காரம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து எங்களை வரவேற்றார். பொட்டலத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மகளுக்குப் பத்தலையாக்கும்? நான் அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட சொன்னேன், பிள்ளைய ஒருதரம் கூட்டிட்டு வாங்கன்னு. எம் மகள காட்டி, இவ அளவுதான்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. நீங்களாவது பிள்ளைய கூட்டிட்டு வந்திருக்கலாம்லா அக்கா."

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபம் வந்தது. மனைவிக்குச் சுடிதார் என்று சொல்ல வெட்கப்பட்டு, நின்ற நிலையில் ஒரு மகளைப் பெற்றுவிட்டாரே மனுஷர். அதுவும் கல்லூரியில் படிக்கிற வயதில். கோபத்துக்கு அடியில் வலித்தது. ஒரு நொடியில் வந்த பொய்யா அது? அந்த வார்த்தை எத்தனை வருஷமாக அவர் வாயில் கிடந்ததோ.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். சுற்றளவு இவ்வளவு கூட்டுங்கள், பிள்ளை கொஞ்சம் சதைப்பிடிப்பு என்று சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் அப்படிச் சொல்லி வாங்குகிற துணியைப் போட்டுக்கொண்டு நான் எப்படிப் படுத்து எழும்புவது? அதுவும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானதாகத்தானே இருக்கும்.

"எங்களுக்குப் பிள்ளை கிடையாதும்மா. இது எனக்குத்தான். நான் யோகா படிக்கேன்" என்றேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த முதல் வாக்கியத்தை நானாகச் சொன்னது அன்றைக்குத்தான். வானம் இடிந்து விழவில்லை. ஜன்னத்துல் பிர்தௌஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப உள்ள வாங்க. கைய அகட்டி வைங்க. காலத் தூக்கணும்னா பேண்ட்டு தாராளமா இருக்கணும்லா."

கிளிப்பச்சையை அவருடைய மகளுக்கே கொடுத்துவிட்டேன். அதே தெருக் கடையில் சாம்பல் நிறத் துணி எடுத்து எனக்குத் தைக்கக் கொடுத்தோம். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

புதுச் சுடிதாரோடு வகுப்புக்குப் போன அன்று லூசி டீச்சர் என் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். என் கால்கள் மேலே போயின. என் பாதங்களை அப்படி அண்ணாந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. வெடிப்பு விழுந்த, சாதாரணமான பாதங்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று, துடைக்கக் கையில்லை.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்து நடந்தோம். பாதித் தெரு தாண்டியதும் பைய ஆரம்பித்தார்.

"ஏட்டி ஞானம், அந்தம்மா யாருக்குன்னு கேட்டப்ப, மகளுக்குன்னுதான் வந்திச்சு. எனக்கு எப்பவும் பொம்பளப் பிள்ளைதான் நெனப்பு. அம்மா பேரன் வேணும்னு நேந்துக்கிட்டு இருந்தா. நான் வாயத் தொறக்கல."

நான் நின்றுவிட்டேன். அத்தை சொன்ன கோயிலுக்கெல்லாம் போய் ஆண் பிள்ளை கொடு என்று வாயால் கேட்டுவிட்டு, மனசுக்குள் மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவள் நான்.

"எனக்கும் பொம்பளப் பிள்ளைதான்" என்றேன்.

இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.