தவமலரின் சிங்கப்பூர் வெள்ளி

எங்கள் மலைத் தேயிலை எஸ்டேட்டில் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் இருக்கிறவரைக்கும்தான் வீடு. பேரை வெட்டிக்கொண்டால் அடுத்த மாதக் கடைசிக்குள் சாவியை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். இது தவமலருக்கும் தெரியும். தெரிந்தேதான் போன வருஷம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, "எம்பேர வெட்டிடுங்க சார்" என்றாள். அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வரிசையில் வீட்டுக்கு ஒரு டம்ளர் சேமியாப் பாயசம். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தாள். நான் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சிங்கப்பூர்க்காரன் பெண்டாட்டி கொழுந்து எடுக்கப் போவது எங்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சல். அவள் புருஷன் சசிதரன் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். பிள்ளை குட்டி கிடையாது. காசு மாதாமாதம் வந்தது. ஆள் மட்டும் இரண்டு தீபாவளியாக வரவில்லை. "லீவு கெடைக்கலக்கா" என்பாள். நாங்களும் தலையாட்டுவோம். அவள் கதவைச் சாத்தியதும் வேறு மாதிரித் தலையாட்டுவோம்.

அப்படிப்பட்டவன் திடீரென்று போன் செய்து, "சிங்கப்பூர் வெள்ளியாவே வெச்சுக்கிற மாதிரி பேங்க்ல ஒரு கணக்குத் தொற. மொத்தமா போடறேன், ரிங்லெட் டவுன்ல வீடு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். போதாதா? மறுநாளே பேரை வெட்டிக்கொண்டாள். கணக்குத் திறந்து, பணம் வந்து, வீடு பார்த்த பிறகு வெட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். பாயசம் குடிக்கும்போது எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் டாலரைத்தான் நாங்கள் வெள்ளி என்போம். எந்த மாதிரிக் கணக்கு என்று லயமே கூடி ஆராய்ந்தது. லோரி ஓட்டுகிற காளியண்ணன் அடிக்கடி பேங்க் வாசலில் லோரியை நிறுத்துகிறவர். அந்த அனுபவத்தில் அவர் நிபுணர்.

"ரிங்கிட் கணக்குல போட்டா வந்த ஒடனே மாறிப்போயிடும்லா. சிங்கப்பூரு வெள்ளிக் கணக்குன்னா அது பாட்டுக்குக் கெடக்கும், நம்ம சொல்றப்ப மாத்திக்கலாம். அது சரி. ஒரு பேருலயா, ரெண்டு பேருலயா?"

"ரெண்டு பேருல" என்றாள் தவமலர், யோசிக்கக்கூட இல்லை.

"ஏண்டி, நாளைக்கு அவசரம்னா அவன் கையெழுத்துக்கு எங்க போயி நிப்ப?" என்றேன்.

"ரெண்டு பேருன்னா அவரு நேர்ல வந்து சைன் போடணும்லக்கா."

அடிப்பாவி! கணக்குத் திறக்கிற சாக்கில் புருஷனை மலையேற்றப் பார்க்கிறாள்.

தானா ராத்தா டவுன் பேங்குக்கு நானும் போனேன். துணைக்குத்தான். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ரெனீ என்ற பெண். ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவளாம். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"ரெண்டு பேரும் ஐசி கார்டு எடுத்துக்கிட்டு ஒண்ணா வரணும்க்கா. சார் எப்ப வருவாங்க?"

தவமலர் புருஷனுக்குப் போன் போட்டுக் கைப்பேசியை மேசைமேல் வைத்து, ரெனீக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். எனக்கு நாற்காலியை நகர்த்துகிற வேலை மிச்சம்.

"எதுக்கு மலர் ரெண்டு பேரு? உம்பேர்ல மட்டும் தொற."

"ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போங்க. காலைல வந்தா சாயந்தரம் பஸ் ஏறிடலாம்."

"முடியாது மலர்."

"எப்ப முடியும்னு சொல்லுங்க, அவங்க காத்திருப்பாங்களாம்."

ரெனீ நல்ல பெண், உதவுவதாக நினைத்துக் குனிந்து சொன்னாள்: "எந்த வேலை நாள்னாலும் பரவாயில்ல சார்."

அதைக் கேட்டதும் சசிதரன் சொன்னான்: "உம்பேர்லயே தொற. மொத்தமா போட்டுடறேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாத."

எங்கள் லயத்தில் புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் சட்டி பறக்கும், கோயில் தலைவர் வருவார், இரண்டு பக்கத்துச் சனமும் மண்ணை வாரித் தூற்றும். இப்படிக் குளுகுளு அறையில், சத்தமே இல்லாமல் நான் பார்த்ததில்லை. ரெனீ கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி இருந்தாள். விசை எதையும் தட்டவில்லை.

"நாளைக்கு வர்றோம்மா" என்று நான்தான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இடத்தை விட்டுச் சீக்கிரம் போக வேண்டும்போல இருந்தது.

எஸ்டேட்டுக்குத் திரும்பியதும் தவமலர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கிராணி ஆபீஸ்.

"எம்பேரத் திரும்பப் போட்டுடுங்க சார். நாளைக்கே வேலைக்கு வர்றேன்."

கிராணி அவளை உட்காரச் சொன்னார். அவர் நாற்காலி காட்டினால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

"ஆளு வந்தாச்சும்மா. நேப்பாளத்துக்காரங்க நாலு பேரு. ஒங்க வீட்டதான் தொர எழுதிக் குடுத்திருக்காரு. நீங்களாத்தான வெட்டச் சொன்னீங்க?"

"ஆமா சார்" என்றாள்.

பிறகு அவள் தனியாக பேங்குக்குப் போய், ஒரு பேரில் கணக்குத் திறந்தாள். வாடகை, சாப்பாடு என்று செலவு வரும், ரிங்கிட் கணக்கே போதுமே என்று ரெனீ எடுத்துச் சொன்னாளாம். கேட்கவில்லை. சிங்கப்பூர் வெள்ளிக் கணக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சசிதரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பணம் வந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று நேப்பாளத்துப் பையன்கள் வெளியே மழையில் மூட்டையோடு நின்றார்கள். அவள் அலமாரியை லோரியில் ஏற்ற அவர்கள்தான் கை கொடுத்தார்கள். யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ரிங்லெட்டில் இரும்புக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. தக்காளிப் பண்ணையில் நாள் கூலிக்குப் பழம் தரம் பிரிக்கிறாள். காலையில் நின்றால் இருட்டுகிறவரை நிற்க வேண்டும். பேங்கில் அத்தனை வெள்ளி கிடக்க இவள் கால் வீங்கிக் கிடக்கிறாள் என்று லயத்தில் ஒரே பேச்சு. பேச்சை உண்மையா என்று பார்க்காமல் பரப்புவது எனக்குப் பிடிக்காது. அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடிக்க, முறுக்கு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போனேன்.

உண்மைதான். கால் வீங்கியிருந்தது.

"ஏண்டி, சிங்கப்பூரு வெள்ளி எறங்கிக்கிட்டே வருதாமே. காளியண்ணன் தலைல அடிச்சுக்குறாரு. மாத்தி எடுத்து ஒரு நல்ல வீடா வாடகைக்குப் பாரேன்."

"ரெனீயும் போன் பண்ணிச் சொல்லுதுக்கா."

"அப்புறம் என்ன?"

முறுக்கை இரண்டாக உடைத்தாள். தின்னவில்லை. "அது அங்க சிங்கப்பூரு வெள்ளியா இருக்குறவரைக்கும் அவரு சம்பளம்க்கா. மாத்தி எடுத்துட்டா, என்னத் தீத்துவிட்ட காசு."

"எறங்கி எறங்கி ஒண்ணுமில்லாமப் போயிடும்டி!"

"போவட்டும்."

வெளியே பண்ணை லோரி ஹாரன் அடித்தது. கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, ரப்பர் காலணிக்குள் அந்தக் காலை மெல்ல மெல்லத் திணித்தாள். ஒரு கால் நுழைந்தது. மற்றது நுழையவில்லை. லோரி இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. நான் கீழே உட்கார்ந்து, காலணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.