கணக்கு டீச்சரின் சக்களத்தி

கணக்கு டீச்சருக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். புருஷன் விஷயத்தில் அல்ல. அந்த மனிதருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. வகுப்பு விஷயத்தில். ஆறாம் வகுப்புச் சுவரில் புதிதாக மாட்டிய திரையில் வாரம் இரண்டு நாள் தோன்றிப் பின்னம் நடத்தும் ஒருத்தி. பிள்ளைகள் அவளை 'வீடியோ டீச்சர்' என்றார்கள்.

இருபத்திரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது. அவள் வந்தால் வகுப்பில் பொட்டுச் சத்தமில்லை. இவள் வந்தால் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும்.

"அவளுக்கென்ன, பேப்பர் திருத்தணுமா, பெத்தவங்களுக்குப் பதில் சொல்லணுமா? சிரிச்சுக்கிட்டே பேசிட்டுப் போயிடுவா" என்று ஆசிரியர் அறையில் பொருமினாள். வீடியோ ஓடும்போது வகுப்பில் நிற்கக்கூட மாட்டாள். சக்களத்தி முகத்தை யார் பார்ப்பது?

தலைமையாசிரியை ஒரே போடாகப் போட்டார்.

"பின்னத்துல ஒரு பரீட்சை வைங்க. பிள்ளைங்க தேறிட்டா எல்லாக் கணக்கு வகுப்புக்கும் வீடியோதான். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா போதும்."

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதற்கா இவள் கணக்குப் படித்தாள்? ஒரு பயலும் தேறக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே விடைத்தாள்களைத் திருத்தினாள். டீச்சர் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது? பொறாமைக்கு வெட்கம் ஏது.

பலரும் தேறியிருந்தார்கள். ஆனால் ஒரு தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஊமைக்கோட்டான் என்று வகுப்பே கூப்பிடுகிற பெண், கடைசி பெஞ்சில் வாயே திறக்காதவள், இருபதுக்குப் பதினெட்டு. எப்போதும் மூன்று, நான்கைத் தாண்டாதவள். பார்த்து எழுதியிருக்கிறாள், வேறென்ன. எல்லாரும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துக் காட்டத் தலைமையாசிரியையை வகுப்புக்கே அழைத்து வந்தாள். பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டாள்.

"நாலுல மூணும் அஞ்சுல ரெண்டும் கூட்டு."

பெண் கணக்கை எழுதினாள். எழுதிவிட்டுச் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பாத்தீங்களா மேடம்? முழிக்கிறா. அத்தனையும் காப்பி" என்றாள் டீச்சர். குரலில் அப்படியொரு குளிர்ச்சி.

முதல் பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "இருங்க டீச்சர், பத்து செகண்ட் இன்னும் முடியல."

"என்னடா பத்து செகண்ட்?"

"கணக்கு குடுத்துட்டு வீடியோ டீச்சர் பத்து செகண்ட் பேசாம இருப்பாங்க. நாங்க யோசிக்க."

அதற்குள் பெண்ணின் கை அசைந்தது. பகுதி இரண்டையும் இருபதாக்கினாள். பதினைந்தையும் எட்டையும் கூட்டினாள். இருபதில் இருபத்து மூன்று. அதோடு விடாமல், ஒன்றும் இருபதில் மூன்றும் என்று பிரித்து எழுதிக் கீழே கோடு போட்டாள்.

டீச்சருக்கு மூக்குடைந்தது. அந்தச் சிரிப்புக்காரி எங்கிருந்தோ ஜெயித்துவிட்டாள்.

"அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்தே?" என்றார் தலைமையாசிரியை.

"அம்மா போன்ல பதினோரு தடவை, மேடம்."

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "பதினோரு தடவை அவகிட்ட கேட்டியே, எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல? நான் தினமும் இங்கதானே நிக்கிறேன்?"

பெண் சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

"கேட்டேன் டீச்சர். இதுகூடத் தெரியலையான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

என்றைக்கு என்று டீச்சர் யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு அப்படி ஒரு நாளே நினைவில் இல்லை.