வில்லோ ஃபோர்க்கின் பதினோரு சீட்டுகள்

மறு எண்ணிக்கையின் மூன்றாம் நாள், மதிய உணவுக்குச் சற்று முன்பு, கடைசிப் பெட்டியாக வில்லோ ஃபோர்க்கின் சீட்டுப் பெட்டியை மாவட்ட அலுவலகக் கூடத்து மேசைமேல் வைத்தார்கள். ஆர்டிஸ் டோலனென் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அது அவளுடைய பெட்டி. பதினெட்டு வருடமாக அந்தச் சிற்றூரின் வாக்குச்சாவடிக்கு அவள்தான் தலைமை அலுவலர். இந்த நவம்பரில் மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட இருவரில் ஒருவன் அவளுடைய ஒரே மகளின் கணவன்.

கர்டிஸ் ஹாக்டால் வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் வண்டி ஓட்டுகிறவன். அரசியலில் இறங்கியது இதுதான் முதல் தடவை. எதிரே நின்றவர் மார்லீன் ஸ்கூபிக், இரண்டு தவணை செனட்டராக இருந்தவர், அதற்கு முன் பள்ளியில் கணக்கு டீச்சர். மினசோட்டாவின் வடகோடியில் ஸ்கூபிக்கிடம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அவரைக் கர்டிஸ் ஐந்து வாக்கில் முந்தியபோது யாராலும் நம்ப முடியவில்லை. நான்கு வாரமாக ஊரே அவனை "செனட்டர்" என்றுதான் கூப்பிட்டது. வித்தியாசம் அவ்வளவு குறைவாக இருந்ததால் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ண வேண்டும் என்றார்கள். எண்ண எண்ண ஐந்து ஏழாகி, ஏழு மறுபடி ஐந்தாகி, அங்கேயே நின்றது.

பார்வையாளர் நாற்காலியில் ஆர்டிஸுக்குப் பக்கத்தில் மகள் கேரின் உட்கார்ந்திருந்தாள்.

"இதோட முடிஞ்சுதும்மா," என்றாள் கேரின். "உங்க ஊர்ல மெஷின் கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

கையால் எண்ணியதில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. இயந்திரம் சொன்னதும் இருநூற்றுப் பன்னிரண்டுதான். கர்டிஸின் ஐந்து வாக்கு ஐந்தாகவே இருந்தது. கேரின் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். அப்போதுதான் மாவட்டத் தேர்தல் அதிகாரி கெயில் பிராண்ட்வால்ட், வாக்காளர் கையெழுத்துப் பட்டியலை இரண்டாம் முறையாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"கையெழுத்து இருநூத்தி இருபத்து மூணு இருக்கு," என்றார். "பதினோரு சீட்டு குறையுது."

கர்டிஸின் வக்கீல்தான் முதலில் எழுந்தார்.

"அன்னிக்குப் புயல் காத்து. அந்தச் சாவடியில இருபது நிமிஷம் கரண்ட் இல்ல. வரிசையில நின்னவங்க கையெழுத்தைப் போட்டுட்டு, பொறுமை இல்லாம கிளம்பிப் போயிருப்பாங்க. எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். தலைமை அலுவலரே இங்க இருக்காங்க. கேட்டுக்கங்க."

கெயில் திரும்பினார். "ஆர்டிஸ், அப்படித்தான் நடந்துச்சா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆனால் கரண்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே ஆர்டிஸுக்கு அந்தச் சாயங்காலம் முழுசாகக் கண்முன் வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. இயந்திரம் சீட்டை வாங்க மறுத்தது. பனிபூட்ஸோடு நின்றவர்களிடம், "பக்கவாட்டுத் துளையில போட்டுட்டுப் போங்க, கரண்ட் வந்ததும் நானே மெஷின்ல விடறேன்" என்று சொன்னது அவள்தான். கரண்ட் வந்தபோது வாசலில் ஒரு கிழவர் வழுக்கி விழுந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, திரும்பி வந்தால் நீண்ட வரிசை. சாவடியை மூடும் நேரத்தில் கையெழுத்துகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அவள் எண்ணவில்லை. இயந்திரம் காட்டிய எண்ணையே படிவத்தில் கையெழுத்து, சீட்டு என்ற இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டாள்.

கேரினின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

"யாரும் கிளம்பிப் போகல," என்றாள் ஆர்டிஸ். "மெஷினுக்கு அடியில இருக்கிற பெட்டியில பக்கத்து அறைன்னு ஒண்ணு இருக்கு. சீட்டு அதுலதான் கிடக்கு. நான் எடுக்க மறந்துட்டேன். கையெழுத்தையும் எண்ணல. தப்பு என்னோடது."

கேரின் கையை எடுத்துக்கொண்டாள்.

மேசைமேல் இருந்தது சீட்டுகளைக் கொண்டுவந்த பெட்டி மட்டும்தான்; மெஷினின் பெட்டி முப்பது மைல் தள்ளி, வில்லோ ஃபோர்க் ஊர்மன்றத்து அலமாரியில் இருந்தது. ஒரு போலீஸ்காரர் வண்டியோட்ட, இரு தரப்பு வக்கீல்களும் ஆர்டிஸும் போய் எடுத்துவர வேண்டும் என்று முடிவானது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது தாழ்வாரத்தில் கர்டிஸ் வந்து நின்றான்.

"அத்தை, நிச்சயமாத் தெரியுமா? இல்ல, சும்மா ஒரு சந்தேகமா?"

"நிச்சயமாத் தெரியும்."

அவன் தரையைப் பார்த்தான். "சரி," என்றான்.

கேரின் அவனுக்குப் பின்னால் வந்தாள். "ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல? ஒரே ஒரு நிமிஷம்."

"யோசிச்சா சொல்லியிருக்க மாட்டேன் கேரின். அதான் யோசிக்கல."

வழியெல்லாம் பனி கொட்டியது. பின்சீட்டில் இரண்டு வக்கீல்களுக்கு நடுவே அவள் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் போலீஸ்காரர் மட்டும் மான் வேட்டை இந்த வருடம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். அலமாரியில் பெட்டி இருந்தது. பக்கத்து அறையின் பூட்டில் முத்திரை அப்படியே இருந்தது. அதன் எண்ணும் ஆர்டிஸ் தன் கையால் பதிவேட்டில் எழுதிய எண்ணும் ஒன்றுதான். கர்டிஸின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

மூன்று மணிக்குக் கூடத்தில் முத்திரையை உடைத்தார்கள். கெயில் உள்ளே கைவிட்டுச் சீட்டுகளை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி வைத்து எண்ணினார். சரியாகப் பதினொன்று. மேசையின் ஒரு முனையில் கர்டிஸ், மறுமுனையில் ஸ்கூபிக். ஆர்டிஸ் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றாள்.

"ஸ்கூபிக்," என்று முதல் சீட்டைத் திருப்பினார் கெயில். "ஸ்கூபிக். ஹாக்டால்."

ஐந்து நாலாகி, மூன்றாகி, மறுபடி நாலானது. வில்லோ ஃபோர்க்கில் பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் ஸ்கூபிக்குக்குத்தான் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து அவர்கள் வரும் நேரமும் கரண்ட் போன நேரமும் ஒன்றுதான் என்பது ஆர்டிஸுக்குத் தெரியும்.

"ஸ்கூபிக். ஸ்கூபிக். ஸ்கூபிக். ஹாக்டால்."

இரண்டு. கர்டிஸ் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஸ்கூபிக்." ஒன்று.

"ஸ்கூபிக்." இப்போது இருவரும் சமம். யாரோ இருமினார்கள்.

"ஸ்கூபிக்."

இன்னும் ஒரு சீட்டுதான். அது கர்டிஸுக்கு விழுந்திருந்தால் சமநிலை, பிறகு குலுக்கல். கெயில் சீட்டைத் திருப்பினார். திருப்பியவர் அதை மேசையின் நடுவில் வைத்தார். இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மேலே எல்லா வரிசையிலும் வட்டம் கறுப்பாக நிரப்பப்பட்டிருந்தது. கீழேயும் அப்படித்தான். மாநில செனட் வரிசையில் மட்டும் பேனா பட்ட அடையாளமே இல்லை.

"யாருக்கும் இல்ல," என்றார் கெயில்.

ஒரு வாக்கில் தோல்வி. கர்டிஸ் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் அவன் காதில் கோர்ட், மனு என்று ஏதோ சொன்னார். "வேண்டாம்," என்றான். மேசையைச் சுற்றிப் போய் ஸ்கூபிக்கிடம் கை நீட்டினான். அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆர்டிஸ் பக்கம் ஒருமுறை பார்த்தார். நல்லவேளையாக நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது.

நடந்ததை எழுதித் தரும்படி கெயில் கேட்டார். ஆர்டிஸ் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கர்டிஸ் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கேரின் உள்ளே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம பக்கம் ரெண்டு பேர் இருந்தாங்களே, யாருன்னு தெரியுமா அத்தை?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"ஆளுக்கு ஒரு டேங்க் கேஸ் இலவசமா நிரப்பிக் கொடுக்கலாம்னு பாத்தேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கேரினுக்குக் கொஞ்ச நாளாகும்."

"எத்தனை நாள்?"

"அவ நீங்க பெத்த பொண்ணு. உங்களுக்குத் தெரியாததா?"

இனிமேல் சாவடி வேலை வேண்டாம் என்று அந்த வாரமே ஊர்மன்றத்தில் சொன்னாள். யாராவது ஒருவர் இருங்கள் என்று கேட்பார்கள் என உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அஞ்சல் நிலையத்தில் சிலர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள், சிலர் தபால் பெட்டிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கர்டிஸும் கேரினும் வந்தார்கள். கேரின் சாப்பாடு முடியும்வரை தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான், முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"நீங்க உண்மையைச் சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. அன்னிக்கே கையெழுத்தை எண்ணியிருந்தா அவர் அன்னிக்கே தோத்திருப்பார். நாலு வாரம் ஜெயிச்சவங்களா நடமாடினோமே அம்மா. புது கோட்டு சூட்டு எல்லாம் தைக்கக் கொடுத்தார். அதுதான் ஆறல."

"ஆமா," என்றாள் ஆர்டிஸ். "அது நான் செஞ்சதுதான்."

கேரின் கழுவின தட்டை நீட்டினாள். ஆர்டிஸ் வாங்கித் துடைத்தாள். அடுத்த தட்டும் வந்தது.