மைனஸ் நாலின் புதுக் கண்ணாடி

ஃபோனில் மனைவி அனுப்பிய படத்தில், நண்டைப் பார்த்துத்தான் அவனுக்கு முதலில் வயிறு எரிந்தது. தட்டு கொள்ளாமல், செக்கச்செவேலென்று, கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. பின்னால் மொட்டைமாடி உணவகத்தின் விளக்குச் சரங்கள். அதற்கும் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மினுக்கிக்கொண்டிருந்த நகரம். நடுவில் அவன் மனைவி, கைக்கொன்றாக நண்டுக்கால் பிடித்துச் சிரித்தாள்.

அவன் தட்டில் அவித்த முட்டை இருந்தது.

"மாமா, முட்டையைப் பாத்துச் சாப்பிடுங்க. நண்டைப் பாத்துக்கிட்டே ஓட்டோட கடிக்கிறீங்க" என்றான் மச்சினன்.

அக்கா ஊரில் இல்லாத நாட்களில் மாமாவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்திறங்கியவன். பகலிலும் இருவருக்கும் ஒரே கூரைதான். கடையின் ஒரு பாதியில் மாமா மூக்குக்கண்ணாடி விற்றான். மறுபாதியில் மச்சினன் செல்போன் உறை விற்றான். தெருவில் எல்லோருக்கும் மாமா வெறும் கண்ணாடிக்காரன்.

அவன் மனைவி ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். இந்த வருடம்தான் கிளை மேலாளர் ஆகியிருந்தாள். புதிய மேலாளர்களுக்கு நகரத்துத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி. வண்டி ஏற்றிவிட்டு வந்த அன்று கண்ணாடிக்காரன், "பாவம்டா, புது ஊரு, தனியா என்ன பண்ணப்போறாளோ" என்று மச்சினனிடம் வருத்தப்பட்டான். அந்தப் பாவம் முதல் நாள் சாயங்காலமே படகில் ஏறிப் பாட்டுக் கேட்டது. அடுத்த நாள் ஐஸ்கிரீம் கடைகளாகவே இருந்த தெருவில் கோப்பையும் கையுமாக நின்றது. அதற்கடுத்த நாள் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம் என்ற ஒரு கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் குளிக்கும்போதுகூட முணுமுணுக்காதவள்!

எல்லாவற்றையும்விட, பக்கத்தில் ஒரு தாடி. நன்றாகக் கத்தரித்து, எண்ணெய் தடவிச் சீவிய தாடி. படங்களின் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'டிரெய்னர் சார் கூட்டிட்டு வந்த இடம். இந்த ஊர்ல அவருக்குத் தெரியாத சாப்பாட்டுக் கடையே இல்லங்க!'

"டிரெயினிங் குடுக்குறாரா, பந்தி வைக்கிறாரா அந்த ஆளு?" என்றான் கண்ணாடிக்காரன்.

"நம்ம அக்கா மட்டுமா போகுது? பின்னால பாருங்க, ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கு."

"கூட்டம் பின்னால இருக்கு. தாடி பக்கத்துல இருக்கு."

அவன் கண்ணை உறுத்திய இன்னொன்றை வாய்விட்டுச் சொல்லவில்லை. படத்துக்குப் படம் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவளுடைய இடப்பக்கம். நண்டுப் படத்தில் அந்த இடப்பக்கத்தில்தான் தாடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கடையில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டே படங்களை மறுபடி புரட்டினான். நண்டுப் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினான். திருகாணி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அவள் முகத்தில் இருந்தது அவன் செய்து கொடுத்த கண்ணாடி இல்லை. அது தேன் நிறத்தில், ஓரம் உருண்டு, மெல்லியதாக இருக்கும். இது கட்டை கட்டையாகக் கறுப்பு. முந்தைய படங்களுக்கு ஓடினான். படகில் தேன் நிறம். ஐஸ்கிரீம் தெருவிலிருந்து கறுப்பு.

நண்டையும் தாடியையும்கூட மன்னித்துவிடலாம் என்று அப்போது தோன்றியது அவனுக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவன் கடைக்கு வந்தது ஒரு உடைந்த கண்ணாடியோடுதான். பார்வை மைனஸ் நாலு. கண்ணாடி இல்லாமல் அவனையே கோட்டு ஸ்டாண்டு என்று நினைத்துப் பையை மாட்டப் போனவள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டபோதுதான் அவன் கவனித்தான், அவளுடைய இடது காது வலதைவிட ஒரு நூல் மேலே இருந்தது. பெற்ற தாய்க்கும் தெரியாத சங்கதி. கண்ணாடியின் இடதுபக்கக் கம்பியைச் சூடு காட்டி மயிரிழை வளைத்தால்தான் அவள் முகத்தில் நேராக உட்காரும். முதல் தடவை சரியாக வளைத்துவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னான். அதற்கடுத்த வாரமும். வீட்டில் பெண் கேட்கப் போகும்வரை அந்தக் கம்பி சரியாகவே இல்லை.

அன்றிலிருந்து அவள் அவனுக்கு மைனஸ் நாலு. அவள் காதோரம் விரல் வைத்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

இப்போது இன்னொருவன் வைத்திருக்கிறான். எந்தக் கடையில் எவன்? கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யார், தாடியா?

"கேட்டுருங்க மாமா" என்றான் மச்சினன்.

"நானா? கேட்டா நான் ஏதோ சந்தேகப்படுற மாதிரி இருக்கும்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அவளே அழைத்தாள். பின்னணியில் தட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம்.

"என்னங்க, ஒரு விஷயம். அடுத்த பேட்ச்சுக்கு என்னையே சொல்லிக்குடுக்கச் சொல்றாங்க. இன்னும் ரெண்டு வாரம் இங்கயே இருக்கணும். எங்க பேட்ச்சுலயே என்னை மட்டும்தான் கேட்டாங்க." மூச்சு விடாமல் சொன்னாள். "என்ன சொல்லட்டும்?"

"யாரு கேட்டது? சாரா?"

"ஆமா, சார்தான் என் பேரைச் சொன்னாராம்."

"உன் இஷ்டம்."

தட்டுச் சத்தம் தள்ளிப் போனது. அவள் எழுந்து ஓரமாக வந்திருந்தாள்.

"சரிங்க. நாளைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். வேணாம்னே சொல்லிடுறேன்" என்றாள். குரலில் இருந்த துள்ளல் எங்கோ போயிருந்தது. "சாப்பிட்டீங்களா?"

"ம்."

ஃபோனை வைத்ததும் மச்சினன் முறைத்தான். "'உன் இஷ்டம்'னா என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆகாத எனக்கே தெரியும் மாமா. எங்கக்கா அந்தக் கடையில கவுண்டர்ல நின்னு நின்னு கால் வீங்கி, இப்பத்தான் மேல வந்திருக்கு. ஒரு கறுப்புக் கண்ணாடிக்காக அதை இழுத்துக் கீழ விடாதீங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் படு."

அவனுக்கும் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

காலையில் கடைக்கு முதல் ஆளாக வந்தது பஸ் கண்டக்டர் ஒருவர். கழுத்தில் சுளுக்கு விழுந்தவர்போல் தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"கண்ணாடி மேல உக்காந்துட்டேன்ப்பா. அதுலருந்து டிக்கெட்டுல நம்பர் எல்லாம் சரிஞ்சு தெரியுது. தலையைச் சாய்ச்சா நேராகுது. பயணிங்க எல்லாம் 'என்ன சார், யாரையோ எட்டிப் பாக்குறீங்க'ங்கிறாங்க. பொம்பளைங்க முறைக்கிறாங்க."

கண்ணாடிக்காரன் சிரித்துக்கொண்டே கம்பியைச் சூடு காட்டி வளைத்தான், காதில் மாட்டிவிட்டான். கண்டக்டரின் தலை தானாக நிமிர்ந்தது.

அவன் சிரிப்பு நின்றது.

கண்டக்டர் கதவைத் தாண்டுவதற்குள் ஃபோனை எடுத்தான். ஐஸ்கிரீம் தெரு: அங்கே தாடியே இல்லை, தலை இடப்பக்கம். பாட்டுக் கூடம்: தாடி வலப்பக்கம் நிற்கிறான், தலை அப்போதும் இடப்பக்கம். ஒரு படத்தில் அவள் தன்னந்தனியாக சூப் குடித்துக்கொண்டிருந்தாள், அதிலும் இடப்பக்கம். மேசையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்துத் திரையில், கறுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பில் வைத்தான். விளிம்பு தரைமட்டத்துக்கு நேர். அவளுடைய புருவங்கள்தான் சரிந்திருந்தன.

இத்தனை நாளும் அவன் தாடி இருக்கும் பக்கத்தையே பார்த்திருக்கிறான், கண்ணாடி உட்கார்ந்திருந்த விதத்தை இல்லை. அது நேராகத்தான் இருந்தது. அதை நேராக வைக்க அவள் சாய்ந்திருந்தாள்.

"டேய், இந்நேரம் அவங்களுக்கு டீ இடைவேளையா?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்!"

திரையில் அவள் வந்தாள். ஏதோ மாடிப்படி, வெள்ளைச் சுவர். "என்னங்க இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"தலையை நேரா வை."

"என்னது?"

"நேரா வை, மைனஸ் நாலு."

கொஞ்சம் தயங்கி நிமிர்ந்தாள். கறுப்புக் கண்ணாடி இடப்பக்கம் தூக்கிக்கொண்டு, ஏற்றத்தில் போகும் மாட்டுவண்டிபோல் நின்றது. மூக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தடம். யாருமே தொடாத கண்ணாடி அது. எந்தக் கண்ணாடிக்காரனின் விரலும் அந்தக் காதோரம் போகவில்லை.

"தெரிஞ்சுபோச்சா?" என்றாள் மெதுவாக. "படகுல எட்டிப் பாத்தேன், தண்ணில விழுந்துடுச்சுங்க. நீங்க செஞ்சது. அன்னிக்கு அழுதுட்டேன். மறுநாள் ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துகூடத் தெரியல, அதான் கூட வந்தவங்க ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்தவர் மாட்டிவிடுறேன்னு காதுகிட்ட கையைக் கொண்டு வந்தார். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. குடுங்க, வீட்ல ஆள் இருக்குன்னு பிடுங்கிக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"வேற கடையில வாங்கினேன்னு சொன்னா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

"நண்டுக்கே இறங்கல அக்கா!" என்று மச்சினன் மறுபாதியிலிருந்து கத்தினான்.

"தலை வலிக்குதா?" என்று கேட்டான் கண்ணாடிக்காரன்.

"சாயங்காலம் ஆனா வலிக்குது. கழுத்தும்."

அவன் தொண்டையைச் செருமினான். "அந்த வேலைக்கு... சரின்னு சொல்லு."

"நெசமாவா? உங்களுக்கு இஷ்டமா?"

"இஷ்டமே இல்ல. ஆனா சரின்னு சொல்லு. உன்னை மட்டும்தானே கேட்டாங்க." பிறகு அவசரமாகச் சேர்த்தான்: "சனிக்கிழமை உன் தம்பி கடையைப் பாத்துப்பான். நான் சாமானோட வர்றேன். அதுவரைக்கும் இப்படியே கோணலா இரு. எவன்கிட்டயும் காதைக் காட்டாத."

அவள் சிரித்தாள். அந்தத் துள்ளல் திரும்பி வந்திருந்தது. "அப்ப சனிக்கிழமை அந்த மொட்டைமாடிக்குப் போவோம். சார்கிட்ட சொன்னா நல்ல டேபிளா பிடிச்சுக் குடுப்பார்."

"சொல்லு. ஆனா ரெண்டு பேருக்கு."

"ஐயோ, பாவங்க அவரு. அன்னிக்கு எல்லாருக்கும் அவர்தான் நண்டு உடைச்சுக் குடுத்தாரு."

"உனக்குமா?"

"எனக்கும்தான். ஓடு எவ்ளோ கெட்டி தெரியுமா? உங்களுக்கு உடைக்க வருமா?"

கண்ணாடிக்காரன் மேசையைப் பார்த்தான். திருகாணிகளுக்கு நடுவே அவனுடைய பெரிய குறடு கிடந்தது. அதை எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்துப் பைக்குள் முதலில் வைத்தான்.